கூடையும் சுத்தியலும் – மேரி ஆனிங்கின் கதை



ஆண்டு மலர் என்றால் விஞ்ஞானிகளைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தே தீரும். எடிசன் வருவார், சர் சி.வி. ராமன் வருவார், ஐன்ஸ்டீன் நாக்கை நீட்டிக்கொண்டு வருவார். இந்த முறை நான் எழுத எடுத்துக்கொண்டது கல்லூரி வாசலையே மிதிக்காத ஒரு பெண்ணை. பட்டம் கிடையாது, பதவி கிடையாது. ஆனால் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் ஆதிகாலக் கடல் பிராணிகளில் சில, இவர் கையால் பாறையிலிருந்து வெளியே வந்தவை. அவர் பெயர் மேரி ஆனிங்.

ஏன் இவரை எடுத்தேன் என்று கேட்கிறீர்களா? டிப்ளமோதானே என்று உதட்டைப் பிதுக்கும் ஒரு சொந்தக்காரராவது நம் ஒவ்வொருவர் வீட்டிலும் இருக்கிறார். படித்து முடித்து சைட்டுக்குப் போனாலும் அதே பேச்சுதான். வேலை நம்முடையது, கையெழுத்து வேறு யாருடையதோ. அப்படி வாழ்நாள் முழுக்கக் கையெழுத்து மட்டும் கிடைக்காத ஒருவரின் கதை இது.

தச்சர் மகள்

இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் என்ற மாவட்டம். அதில் லைம் ரீஜிஸ் என்ற சின்னக் கடலோர ஊர். 1799 மே 21-ஆம் தேதி மேரி அங்கே பிறந்தாள். அப்பா ரிச்சர்ட் ஆனிங் மரச்சாமான் செய்யும் தச்சர். அந்த வீட்டில் பிறந்த பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் வளர்ந்து ஆளானது இரண்டே பேர்: அண்ணன் ஜோசப், தங்கை மேரி.

மேரி பிழைத்ததே ஒரு அதிசயம். 1800 ஆகஸ்டில், ஒரு வயதுக் குழந்தையாக இருந்தபோது, தெரிந்த பெண் ஒருவர் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு மரத்தடியில் நின்றிருந்தார். மரத்தில் இடி விழுந்தது. அங்கிருந்த மூன்று பெண்களும் அந்த இடத்திலேயே போய்விட்டார்கள். குழந்தைக்கு மட்டும் உயிர் வந்தது. ஊரே ரொம்ப நாளைக்கு இதைப் பேசியது.

தச்சு வேலையில் வந்த கூலி போதவில்லை. எனவே ரிச்சர்ட் ஒரு உபதொழில் வைத்திருந்தார். கடற்கரைப் பாறைகளில் கிடைக்கும் விசித்திரக் கற்களைப் பொறுக்கி வந்து, கழுவித் துடைத்து, வாசலில் மேசை போட்டு விற்பார். அப்போது பிரான்சோடு சண்டை நடந்துகொண்டிருந்தது. வெளிநாடு போக முடியாத பணக்காரர்கள் கடற்குளியலுக்கு லைம் ரீஜிஸ் மாதிரி ஊர்களுக்கு வந்தார்கள். போகும்போது ஞாபகார்த்தமாக ஒரு கல் வாங்கிப் போவார்கள்.

அந்தக் கற்களில் முக்கியமானது சுருள் வடிவக் கல். பாம்பு சுருண்டு கல்லானது என்று ஊர் ஜனங்கள் நம்பினார்கள். அதன் பெயர் அம்மோனைட். நம்மில் பலர் அதைப் பார்த்திருப்போம். நம் வீட்டுப் பூஜை அறையில் இருக்கும் சாளக்கிராமம் இருக்கிறதே, நேபாளத்தில் கண்டகி நதியில் எடுப்பது, அதற்குள் இருக்கும் சக்கரமும் இதே இனம்தான். அங்கே விஷ்ணுவின் சக்கரம், இங்கே சுருண்ட பாம்பு. உள்ளே இருந்தது கணவாய் மீனுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கடல் ஜீவன்!

1810-இல் ரிச்சர்ட் இறந்தார். மலைச்சரிவில் விழுந்த அடியும் காச நோயும் சேர்ந்துகொண்டன. விட்டுப் போன சொத்து 120 பவுண்டு கடன். குடும்பம் ஊர்த் தர்மப் பணத்தில் கஞ்சி குடிக்க வேண்டிய நிலை. மேரிக்கு வயது 11. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதோடு படிப்பு சரி. அப்பாவின் கூடையையும் சுத்தியலையும் மகள் எடுத்துக்கொண்டாள்.

மழையில் வேலை, காற்றில் வேலை

அந்தப் பாறையைப் பற்றி சிவில் மாணவன் என்ற முறையில் நான் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சுண்ணாம்புக்கல் ஒரு வரிசை, அதன்மேல் கறுத்த களிப்பாறை ஒரு வரிசை, மறுபடி சுண்ணாம்புக்கல் என்று கல்லும் கலவையும் வைத்துக் கட்டிய சுவர் போலவே இருக்கும். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடிச் சேறு. செத்து விழுந்த பிராணி அந்தச் சேற்றில் புதைந்தது. மேலே மேலே சேறு படிந்து அழுத்தியது. எலும்பு இருந்த இடத்தில் தாது உப்புகள் ஊறிக் கல்லானது. இதைத்தான் புதைபடிவம், ஃபாசில் என்கிறோம்.

மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கிக் களி ஊறி வழுக்கும். அடியில் அலை அரிக்கும். ஒரு நாள் பக்கம் பக்கமாகச் சரியும். அந்தச் சரிவில்தான் புது ஃபாசில் வெளியே தெரியும். உடனே போய் எடுக்காவிட்டால் அடுத்த நாலு அலையில் கடல் கொண்டுபோய்விடும். ஆகையால் இந்தத் தொழிலுக்கு நல்ல சீசன் குளிர்காலம், புயலுக்கு மறுநாள். ஊரில் எல்லாரும் போர்த்திக்கொண்டு தூங்கும் நேரத்தில், கணுக்கால்வரை பாவாடை நனைய, எந்த நேரமும் தலையில் விழக்கூடிய மலைக்குக் கீழே, தண்ணீர் ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். 1833-இல் அப்படி ஒரு சரிவில் மேரியோடு எப்போதும் கூடவே போகும் டிரே என்ற நாய் கண்ணெதிரே புதைந்து செத்தது. மேரி நூலிழையில் தப்பினார்.

முதலையா? மீனா?

1811-இல் அண்ணன் ஜோசப் பாறையில் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டான். நாலடி நீளம். முதலை என்று எல்லாரும் நினைத்தார்கள். உடம்பு எங்கே? ஜோசப்புக்கு வேறு தொழில் பழக வேண்டியிருந்தது. தேடியது மேரி. சரிந்த மண் மூடிக் கிடந்த இடத்தை மாதக்கணக்கில் கவனித்து, 1812-இல் மீதி எலும்புகளைக் கண்டுபிடித்தாள். கூலியாட்கள் உதவியோடு வெளியே எடுத்தபோது 17 அடி நீளத்தில் ஒரு பிராணி! அப்போது அவளுக்கு வயது 13-ஐத் தாண்டவில்லை.

ஊர்ப் பண்ணையார் ஒருவர் அதை ஏறக்குறைய 23 பவுண்டுக்கு வாங்கினார். அந்தக் குடும்பத்துக்கு அது பல மாதத்துக்கு அடுப்பெரியும் பணம். பிராணி லண்டன் போனது, காட்சிக்கு வைக்கப்பட்டது, கூட்டம் அலைமோதியது. 1819-இல் பிரிட்டிஷ் மியூசியம் அதை 45 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. விஞ்ஞானிகள் அதற்கு இக்தியோசார் என்று பெயர் வைத்தார்கள். மீன்-பல்லி என்று அர்த்தம். மீனும் இல்லை, முதலையும் இல்லை. கடலில் வாழ்ந்த ஊர்வன இனம். 1814-இல் இதைப் பற்றி முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. அதில் எடுத்தவர் பெயர் இல்லை.

இதற்குப் பிறகும் வறுமை விடவில்லை. 1820-இல் வாடகை கட்ட வழியில்லாமல் வீட்டுச் சாமானை விற்கும் நிலைக்கு வந்தார்கள். அவர்களிடம் நிறைய வாங்கியிருந்த தாமஸ் பர்ச் என்ற ராணுவ அதிகாரிக்கு மனசு பொறுக்கவில்லை. தன் சேகரிப்பையே லண்டனில் ஏலம் விட்டு, வந்த சுமார் 400 பவுண்டை அந்தக் குடும்பத்துக்காகக் கொடுத்தார். இப்படியும் ஒரு மனுஷன்!

35 எலும்பு வைத்த கழுத்து

1823 டிசம்பரில் மேரி எடுத்தது இன்னும் விசித்திரம். சின்னத் தலை, பாம்பு மாதிரி நீண்ட கழுத்து, துடுப்பு மாதிரி நாலு கால். ஏறக்குறைய 9 அடி நீளம், தலை முதல் வால் வரை முழுசாக. இதுதான் பிளீசியோசார்.

படம் பாரிசுக்குப் போனது. அங்கே இருந்தவர் க்யூவியே. எலும்பு விஷயத்தில் அன்றைக்கு உலகத்திலேயே அவர் வார்த்தைக்கு மேல் வார்த்தை கிடையாது. கழுத்தில் 35 எலும்பு இருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒட்டகச்சிவிங்கிக்கே கழுத்தில் 7 எலும்புதானே! இரண்டு பிராணிகளின் எலும்பை ஒட்டவைத்த பித்தலாட்டமோ என்று கேட்டுவிட்டார்.

மேரியின் நிலையை யோசித்துப் பாருங்கள். ஃபாசில் விற்றுப் பிழைக்கிறவர். போலி என்று ஒரு பேச்சு நிலைத்துவிட்டால் நாளைக்கு யாரும் வாங்க வரமாட்டார்கள். பேர் போனால் சோறும் போச்சு.

1824 பிப்ரவரி 20. லண்டன் புவியியல் சங்கத்தின் கூட்டம். கப்பலில் தாமதமாக வந்து சேர்ந்த அந்த எலும்புக்கூட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போகவே முடியவில்லையாம். அவ்வளவு கனம்! கோனிபேர் என்ற பாதிரியார்-விஞ்ஞானி அதை விளக்கிப் பேசினார். அது உண்மையானது என்று முடிவானது. க்யூவியேயும் பிறகு தன் சந்தேகம் தவறு என்று ஒப்புக்கொண்டார். பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் மேரி இல்லை. பெண்களுக்கு அங்கே அனுமதியே கிடையாது. கோனிபேரின் பேச்சில் மேரியின் பெயரும் இல்லை. எலும்புக்கூடு உள்ளே போனது, எடுத்தவர் வெளியே!

படிக்காத படிப்பு

இவரை வெறும் கல் பொறுக்கி என்று நினைத்தால் அது தப்பு. புத்தகம் வாங்கக் காசில்லாததால் ஆராய்ச்சிக் கட்டுரைகளைக் கடன் வாங்கி, ஒரு வரி விடாமல் கையால் எழுதி வைத்துக்கொண்டார். படங்களையும் அச்சில் இருப்பது போலவே வரைந்தார். நாம் ரெக்கார்ட் நோட்டுக்கு ஒரு படம் போடுவதற்குள் படும் பாடு நமக்குத் தெரியும்! எலும்பு எப்படிப் பொருந்துகிறது என்று புரிந்துகொள்ள மீனையும் கணவாயையும் வாங்கி வந்து அறுத்துப் பார்த்தார். இதற்கு யாரும் மார்க் போடவில்லை.

இக்தியோசாரின் வயிற்றுப் பகுதியில் அடிக்கடி உருண்டைக் கற்கள் கிடைப்பதைக் கவனித்தார். உடைத்தால் உள்ளே மீன் எலும்பும் செதிலும். ஆக்ஸ்போர்டு பேராசிரியர் பக்லண்ட் இதைத் தொடர்ந்து ஆராய்ந்து, இவை கல்லாகிப்போன சாணம் என்று 1829-இல் அறிவித்தார். சிரிக்காதீர்கள்! 20 கோடி வருஷத்துக்கு முன் எந்தப் பிராணி எதைத் தின்றது என்று நேரடியாகத் தெரிந்துகொள்ள அதைவிடச் சாட்சி வேறில்லை. பக்லண்ட் இதில் மேரியின் பங்கைச் சொன்னார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

பெலம்னைட் என்ற விரல் வடிவ ஃபாசில்களில் உலர்ந்த மைப்பை இருப்பதையும் மேரி கண்டார். அவரைவிட ஏறக்குறைய 20 வயது மூத்த தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்த மையைத் தண்ணீரில் குழைத்து அதே கடலில் வாழ்ந்த பிராணிகளின் படத்தை வரைந்தார். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தைய மை!

1828-இல் பறக்கும் ஊர்வன ஒன்றின் எலும்புகள் கிடைத்தன. ஜெர்மனிக்கு வெளியே கிடைத்த முதல் டெரோசார் அதுதான். 1826-லேயே சொந்தமாகக் கடை வைத்துவிட்டார். 1844-இல் சாக்சனி நாட்டு ராஜாவே அந்தக் கடைக்கு வந்து ஒரு இக்தியோசார் வாங்கிப் போனார். பெரிய பெரிய விஞ்ஞானிகள் லைம் ரீஜிசுக்கு வந்தால் கடற்கரைக்குப் போவது மேரியின் பின்னால்தான். டைனோசர் என்ற சொல்லை 1842-இல் உருவாக்கிய ரிச்சர்ட் ஓவன்கூட 1839-இல் அப்படி நடந்தவர்.

அதே 1839-இல்தான் மேரியின் எழுத்து ஒரே ஒரு தடவை விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. பழங்காலச் சுறா ஒன்றைப் புது இனம் என்று பத்திரிகை எழுதியிருந்தது. புதுசு இல்லை, நான் வருஷக்கணக்கில் பார்த்து வருவதுதான் என்று திருத்தி எழுதிய கடிதத்தின் ஒரு பகுதி அது. அவர் வாழ்ந்த காலத்தில் அவ்வளவுதான் அச்சேறியது.

பெயர் யாருக்கு?

அருங்காட்சியகங்களுக்கு ஃபாசிலை அன்பளிப்பாகக் கொடுத்த பிரபுவின் பெயர் அட்டையில் ஏறும். எடுத்தவர் பெயர் ஏறாது. அதனால் மேரி எடுத்தவை எவை என்பதே பல இடங்களில் தெரியாமல் போய்விட்டது. தன் உழைப்பைப் பிறர் உறிஞ்சிக்கொண்டார்கள் என்ற வருத்தம் அவருக்குக் கடைசிவரை இருந்தது.

எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவதும் நியாயமில்லை. சின்ன வயசு நண்பர் டி லா பெச் 1830-இல் ஆதிகாலக் கடலை ஓவியமாக வரைந்து, அச்சுப்படங்கள் விற்ற பணத்தை மேரிக்குக் கொடுத்தார். முதலீடு செய்த சேமிப்பு 1835 வாக்கில் மூழ்கிப்போனபோது, பக்லண்ட் அலைந்து திரிந்து வருஷத்துக்கு 25 பவுண்டு உதவித்தொகை வாங்கித் தந்தார். பணமாக உதவி செய்ய மனிதர்கள் இருந்தார்கள். சமமாக ஒரு நாற்காலி போடத்தான் ஆளில்லை.

மார்பகப் புற்றுநோயால் 1847 மார்ச் 9-ஆம் தேதி மேரி மறைந்தார். வயது 47. வலிக்காகக் குடித்த அபின் மருந்தின் மயக்கத்தைப் பார்த்து, குடிகாரி என்று பேசியவர்களும் உண்டு. அவரை உள்ளே விடாத அதே புவியியல் சங்கத்தில், அப்போது தலைவராயிருந்த டி லா பெச் இரங்கல் உரை ஆற்றினார். உறுப்பினர் அல்லாத ஒரு பெண்ணுக்கு அது கிடைத்தது பெரிய விஷயம். 1850-இல் ஊர்த் தேவாலயத்தில் சங்கத்தார் ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அந்தச் சங்கத்துக்கு 1919 வரை பிடித்தது. 2015-இல் ஒரு இக்தியோசார் இனத்துக்கு ஆனிங் பெயர் வைத்தார்கள். 2022 மே 21-இல், அவர் பிறந்த நாளில், லைம் ரீஜிசில் சிலை திறந்தார்கள். கையில் கூடையும் சுத்தியலும், பக்கத்தில் டிரே. அந்தச் சிலைக்காக முதலில் குரல் கொடுத்தது ஒரு பள்ளிக்கூடச் சிறுமி!

இன்றைக்கும் அந்தக் கடற்கரையில் சனி, ஞாயிறு வந்தால் குடும்பம் குடும்பமாக ஃபாசில் தேடப் போகிறார்கள். அலை வடியும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும், மலையடிவாரத்தை நெருங்கக் கூடாது, மலையில் சுத்தியல் வைக்கக் கூடாது, கரையில் கிடப்பதைப் பொறுக்கலாம், முக்கியமானது கிடைத்தால் பதிவு செய்ய வேண்டும் என்று நெறிமுறை உண்டு. பதிவேட்டில் இப்போது எடுத்தவர் பெயர் ஏறுகிறது.

நமக்கு என்ன?

அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம்ம அரியலூரே ஒரு காலத்தில் கடல்தான். சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் அந்தச் சுண்ணாம்புக்கல்லில் அம்மோனைட்டும் சிப்பியும் கடல் முள்ளெலியும் கல்லாகிக் கிடக்கின்றன. லைம் ரீஜிஸைவிட இளசு; 10 கோடி முதல் 6.6 கோடி ஆண்டு வரை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பிளான்ஃபோர்டும் ஸ்டோலிஸ்காவும் 1860, 70-களிலேயே இவற்றை விவரித்துத் தடித்தடியாகப் புத்தகம் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வகுப்பிலிருந்து ஒரு சனி, ஞாயிறு அனுமதி வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனோம். முதல் நாள் காலை முழுக்க வெயிலில் குனிந்து தேடியதில் தலைவலிதான் மிச்சம். மத்தியானம் லாரிக்கு லோடு ஏற்றும் ஒரு அண்ணன் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, வெட்டிய சரிவின் ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போனார். மழை கழுவிவிட்ட இடம். ஒரு உள்ளங்கை அகலத்துக்குச் சுருள் தெரிந்தது. அதற்குப் பிறகு எங்கள் கண்ணுக்கும் வரிசையாகத் தெரிய ஆரம்பித்தது. எந்த நிறக் கல்லில் இருக்கும், எதில் இருக்காது என்று அந்த அண்ணன் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டோம். ஃபீல்டு ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில், எங்கள் பெயர்களுக்கு மேலே, அவர் பெயரைப் போட்டோம். இதெல்லாம் எதுக்குப்பா என்று கேட்டவர்களும் உண்டு. விடவில்லை.

தோழர்களே, நாம் நடுவில் நிற்பவர்கள். மேலே பார்த்தால் நம் வேலைக்குக் கையெழுத்துப் போடும் பெரிய இன்ஜினியர். அங்கே நாம் மேரி ஆனிங். கீழே பார்த்தால் நமக்குத் தெரியாததைச் சொல்லித்தரும் மேஸ்திரி, ஃபிட்டர், ஹெல்பர். அங்கே நாம்தான் கோனிபேர்! மேலே இருப்பவர் நம் பெயரைச் சொல்வாரா என்பது நம் கையில் இல்லை. கீழே இருப்பவர் பெயரை நாம் சொல்வது நம் கையில் இருக்கிறது. அதற்குப் பட்டமும் வேண்டாம், பதவியும் வேண்டாம். ரிப்போர்ட்டில் ஒரு வரி போதும்.

– இறுதியாண்டு, அமைப்பியல் பிரிவு